லூமியோ, ஹீலியோஸ்: அடுக்ககச் சங்கத்தில் சில வருட அனுபவம்

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் எதை முடிவு செய்தாலும், கொஞ்ச நாள் கழித்து "இது எப்ப முடிவாச்சு, யார் ஒத்துக்கிட்டது?" என்று ஒருவர் கேட்பார். வாட்ஸாப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் ஒரே வீட்டிலிருந்து கணவன், மனைவி, மகன் மூவரும் தட்டுவார்கள். வாடகைக்கு இருப்பவரும் தட்டுவார். அமெரிக்காவில் இருக்கும் உரிமையாளர் கண் விழிப்பதற்குள் அந்த வாக்கெடுப்பு காலை வணக்கங்களுக்கு அடியில் போயிருக்கும். நான் செயலாளர் ஆன பிறகு விவாதத்துக்கு லூமியோ, நிர்வாகிகள் தேர்தலுக்கு ஹீலியோஸ் என்று இரண்டு இணையக் கருவிகளுக்கு மாறினோம். அட்மின் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன். இந்த மாதிரி கருவியில் நான் முதலில் பார்ப்பது, அட்மினால் என்ன செய்ய முடியாது என்பதைத்தான்.

லூமியோ 2012-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில், பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த ஆக்குபை போராட்டத்தில் இருந்த சிலரும் சேர்ந்து உருவாக்கியது. நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலநிரல் என்பதால் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். ஒரு முன்மொழிவு வைத்தால் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று வாக்களித்து, பக்கத்திலேயே காரணமும் எழுதலாம். முடியும் நேரம் வரை வாக்கை மாற்றிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது திருத்த வரலாறு. லிஃப்ட் மாற்றும் விவாதம் ஓடிக்கொண்டிருந்தபோது பொருளாளர் கொட்டேஷன் தொகையைத் திருத்தினார். உடனே ஒருவர் "தொகை எப்படி ஏறிச்சு?" என்று கேட்டார். 'திருத்தப்பட்டது' என்ற குறியைத் தொட்டால் பழைய பதிவும் புதியதும் தெரியும். ஜிஎஸ்டியைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, கேட்டவரே பார்த்துக்கொண்டார். இந்த வரலாறு அட்மினுக்கு மட்டுமல்ல, உறுப்பினர் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் இதன் அருமை.

பெயர் மறைத்து வாக்கெடுப்பு நடத்தினால் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று செயலாளருக்கும் தெரியாது. தொடங்கிய பிறகு அந்த அமைப்பைத் திருப்பவும் முடியாது. காவலாளி ஏஜென்சியை மாற்றுவது போன்ற விஷயங்களில் ஆட்கள் மனசுவிட்டு வாக்களித்தது அதனால்தான்.

ஃபிளாட்டுக்கு ஒரு வாக்கு என்பதை லூமியோ தானாகப் பார்த்துக்கொள்ளாது, அது ஆட்களைத்தான் எண்ணும். அதனால் வீட்டுக்கு ஒருவரை மட்டும் வாக்காளராக அழைக்கிறோம். மற்றவர்கள் கருத்து எழுதலாம். முடிவு வந்ததும் அதை ஏற்றுமதி செய்து, அச்செடுத்து மினிட்ஸ் புத்தகத்தோடு வைக்கிறோம். சட்டப்படி கூட்ட வேண்டிய பொதுக்குழுவுக்கு இது மாற்று இல்லை, அதைத் தனியாகக் கூட்டத்தான் வேண்டும்.

சரி, தேர்தலுக்கு ஏன் இன்னொன்று? சர்வரின் டேட்டாபேஸில் கை வைக்கக் கூடியவர் நினைத்தால் லூமியோவில் எதையும் மாற்றலாம். திரை வழியாகச் செய்த திருத்தம்தான் வரலாற்றில் பதியும். ஹீலியோஸ் அந்த இடத்தில் உதவுகிறது. மறையீட்டியல் (தகவலைப் பூட்டிக் காக்கும் கணிதத் துறை) ஆய்வாளர் பென் அடீடா 2008-ல் வெளியிட்டது இது. 2009-ல் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ரெக்டரைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தியது. பன்னாட்டு மறையீட்டியல் ஆய்வுச் சங்கமான ஐஏசிஆர், 2010-லிருந்து தன் தேர்தல்களை இதில்தான் நடத்துகிறது.

அட்மின் தேர்தலை ஒருமுறை உறைய வைத்துவிட்டால் கேள்வியையும் வேட்பாளர் பட்டியலையும் தொட முடியாது. வாக்குகள் மறைகுறியாக்கப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே சர்வருக்குப் போகின்றன. எங்கள் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார். "நான் அழுத்தினதைத்தான் அது பூட்டுதுன்னு எப்படி சார் நம்புறது?" என்றார். தணிக்கைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினால் பூட்டிய வாக்கைத் திறந்து காட்டும், சரிபார்க்கலாம். திறந்த வாக்கு செல்லாது, புதிதாகப் பூட்டித்தான் போட வேண்டும். அவர் இரண்டு முறை தணிக்கை செய்துவிட்டு, மூன்றாவதைப் போட்டார். பிறகு திரையில் வந்த நீளமான கண்காணிப்பு எண்ணை டைரியில் எழுதி, பொதுப் பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார். எல்லா வாக்காளர்களும் இவரைப் போல இருக்க வேண்டியதில்லை. சிலர் இப்படிச் செய்தாலே சர்வர் ஏமாற்றுவது கடினம்.

எண்ணிக்கை முடிவைத் திறப்பதற்கான டிஜிட்டல் சாவியை மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்தோம். அதில் ஒருவர் செயற்குழுவை எப்போதும் எதிர்ப்பவர், தெரிந்தேதான் அவரைப் போட்டோம். ஆனால் ஹீலியோஸில் எல்லாச் சாவியும் வந்தால்தான் முடிவு திறக்கும். 2025-ல் ஐஏசிஆர் தேர்தலிலேயே மூவரில் ஒருவர் சாவியைத் தொலைத்துவிட, முடிவைத் திறக்க முடியாமல் தேர்தலை மறுபடி நடத்தினார்கள். மூவரில் இருவர் போதும் என்று விதியையும் மாற்றினார்கள். நீங்கள் ஹீலியோஸ் பயன்படுத்தினால் ஒவ்வொரு சாவியையும் பென்டிரைவில் ஒன்று, அச்செடுத்த தாளில் ஒன்று என்று வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஓட்டை, வாக்களிக்க வராதவர் பெயரில் சர்வரே வாக்குப் போட வாய்ப்பு உண்டு. பிரான்ஸில் உருவான பெலேனியோஸ் என்ற தேர்தல் கருவி இதற்காகவே, வாக்காளருக்கான ரகசியக் குறியீட்டை உருவாக்கிக் கொடுக்கும் வேலையைத் தனி ஒருவரிடம் ஒப்படைக்கிறது. சாவி வைத்திருப்பவர்களில் இத்தனை பேர் வந்தால் போதும் என்றும் அதில் அமைத்துக்கொள்ளலாம். அடுத்த நிர்வாகிகள் தேர்தலை அதில் நடத்தலாம் என்று செயற்குழுவில் வைத்திருக்கிறேன். விவாதம் இப்போது லூமியோவில் ஓடுகிறது.