பழைய இறப்புச் சான்று: பதிவேட்டில் தேடுவதா, கோட்டாட்சியர் உத்தரவு வாங்குவதா?

தாத்தா இறந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பட்டா இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. மதுரைக்கு மேற்கே ஒன்றேகால் ஏக்கர், கிணற்றில் ஒரு பங்கு, நாலு தென்னை. போன வருஷம் சித்தப்பா பாகம் பிரிக்கலாம் என்று பேச்சை எடுத்தார். வாரிசுச் சான்று கேட்டார்கள், அதற்கு இறப்புச் சான்று கேட்டார்கள், அப்போதுதான் அப்படி ஒன்றை எங்கள் வீட்டில் யாரும் வாங்கவே இல்லை என்று தெரிந்தது.

இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் இரண்டு வழிதான். ஒன்று, பழைய பதிவேட்டில் தேடச் சொல்லி விண்ணப்பம் போட்டு, அன்றைக்கு எழுதிய பதிவின் நகலை வாங்குவது. இன்னொன்று, ‘பதிவு இல்லை’ என்று சான்று வாங்கி, கோட்டாட்சியர் உத்தரவு பெற்று இப்போது புதிதாகப் பதிவு செய்வது. அப்பா வழித் தாத்தாவுக்கு முதல் வழி, அம்மா வழித் தாத்தாவுக்கு இரண்டாவது வழி என்று இரண்டையும் நடந்து பார்த்துவிட்டேன். முதல் வழிதான் என் கட்சி. அதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

ஆன்லைன் பற்றி ஒரு வரி. சமீப வருஷங்களில் நடந்த மரணம் என்றால் அரசு இணையதளத்திலேயே கிடைத்துவிடும், சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சித் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 1970களில் கிராமத்தில் நடந்த மரணத்தை அங்கே தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். கணினியில் ‘இல்லை’ என்று வந்தால் பதிவேட்டிலும் இல்லை என்று அர்த்தமும் இல்லை.

சரி, பதிவேடு எங்கே இருக்கும்? இறந்தவரின் சொந்த ஊரில் என்று நினைத்துத்தான் எல்லோரும் கிளம்புகிறோம். இறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவேட்டில்தான் பதிவு இருக்கும். ஊரில் படுத்திருந்தவரைக் கடைசி நேரத்தில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கே உயிர் போயிருந்தால், கிராமத்துப் புத்தகத்தில் எத்தனை வருஷம் புரட்டினாலும் கிடைக்காது, நகராட்சியில்தான் பார்க்க வேண்டும். கிராமத்தில் 1980 வரை மணியக்காரரும் கர்ணமும் இந்தக் கணக்கை எழுதினார்கள். அந்தப் பழைய கிராம அதிகாரிப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு அந்த வருஷம் ஒழித்த பிறகு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். அவரிடம் போய் 1974 கேட்டால் கையை விரிப்பார், அது அவர் தப்பு இல்லை. எங்கள் பக்கத்துப் பழைய புத்தகங்கள் தாலுகா ஆபீஸ் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. நிலப் பத்திரம் பதியும் அதே ஆபீஸ்தான். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று நடை ஆனது. 1969ஆம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்னால் பதிவே கிடையாது என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 1899இலேயே சென்னை மாகாணத்துக்கு ஒரு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருந்தது.

அப்புறம் வருஷம். தேடும் கட்டணம் வருஷக் கணக்கில்தான், ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், அதனால் வருஷத்தைக் குறுக்கிக்கொண்டு போவது நல்லது. அப்பத்தாவிடம் கேட்டேன். தொண்ணூறு வயசு, ஆனால் இந்த விஷயத்தில் துளிகூடத் தடுமாறவில்லை. “ஆனந்த வருஷம், தைப்பூசம் கழிஞ்ச நாலாம் நாளு” என்றார். ஆனந்த வருஷம் என்றால் 1974. விண்ணப்பத்தில் 1974 என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனால் பதிவு இல்லை என்றார்கள். மனசு விட்டுப்போய் பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது, ஆனந்த வருஷம் பிறந்தது 1974 ஏப்ரலில். அந்த வருஷத்துத் தை வருவது 1975 ஜனவரியில்! தை, மாசி, பங்குனி மூன்று மாசத்துக்கும் (மார்கழியில் பாதிக்கும்கூட) ஒரு வருஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். திதியை வைத்துத் தேடுகிறவர்கள் எல்லோரும் விழக்கூடிய குழி இது. தயவுசெய்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1975 என்று திருத்திக் கொடுத்ததும் கிடைத்துவிட்டது. எழுத்தர் மேசைமேல் வைத்துப் பக்கத்தைத் திருப்பினார். ஓரமெல்லாம் பழுப்பேறி, நூல் தெறித்து, மை மட்டும் அப்படியே இருந்தது. பேர், தகப்பன் பேர், ஆண், வயது ஐம்பத்திரண்டு, ஜுரம், தகவல் சொன்னவர். அந்த இடத்தில் அவருடைய தங்கச்சி வீட்டுக்காரரின் கைநாட்டு, ரேகை வரி வரியாக இன்னும் தெரிகிறது. சாவு நடந்த மூன்றாவது நாள் எழுதியிருக்கிறார்கள். குடும்ப வரலாறு சேகரிக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: நமக்குத் தரும் நகலில் மரணக் காரணம் வராது, சட்டமே அதைத் தடுக்கிறது. ‘ஜுரம்’ என்பது நான் கண்ணால் பார்த்ததோடு சரி.

இனி, நான் ஏன் இந்த வழியை இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்பதற்கு வருகிறேன். தேதி யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதுதான் எல்லாமே.

தாத்தா இறந்தபோது அவருடைய அம்மா, எங்கள் பூட்டி, உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதில் குடும்பத்தில் இரண்டு பேச்சு இருந்தது. சித்தப்பா, பூட்டிதான் முதலில் போனார் என்றார். தாத்தாவின் தங்கச்சி மகன், பூட்டி கடைசிக் காலத்தில் தங்கள் வீட்டில்தான் கிடந்தார், மகன் செத்ததைக் கேட்டு மாரடித்து அழுததை அம்மா சொல்லியிருக்கிறார் என்றார். இது வெறும் வாய்ப்பேச்சு விஷயம் இல்லை. 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் தாயும் ஒருவர். நிலம் தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. தாத்தா இறந்த நேரத்தில் பூட்டி இருந்திருந்தால், அப்பத்தா, அப்பா, சித்தப்பா, அத்தை, பூட்டி என்று ஐந்து பங்கு. பூட்டியின் ஒரு பங்கு அவர் காலத்துக்குப் பிறகு பாதி தாத்தாவின் பிள்ளைகளுக்கும் பாதி தாத்தாவின் தங்கச்சிக்கும் போகும். அதாவது மொத்தத்தில் பத்தில் ஒன்று, எங்கள் கணக்கில் பன்னிரண்டரை சென்ட். பூட்டி முன்னாலேயே போயிருந்தால் அந்தத் தங்கச்சி குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை.

கோட்டாட்சியர் வழியில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு மரணத்துக்கும் எங்கள் வீட்டுக்காரர்களே பிரமாண வாக்குமூலம் எழுதியிருப்போம். சித்தப்பா நினைவிலிருந்து சொன்ன தேதி விண்ணப்பத்தில் ஏறி, விசாரணையில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் ஆமாம் என்று சொல்லி, முத்திரையோடு சான்றாகவே வந்திருக்கும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அப்போது அவருக்கு வயசு ஏழு. பூட்டியின் பதிவு வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்தது, தங்கச்சி வீட்டு ஊரில்தான் இறந்திருக்கிறார். ராட்சச வருஷம் ஆடி, 1975 ஆகஸ்ட் முதல் வாரம். மகனுக்கு ஆறு மாசம் பின்னால். பட்டாக்களில் இருந்த பேரில் இல்லாமல் வீட்டில் கூப்பிட்ட பேரில், ‘இன்னார் மனைவி’ என்று எழுதியிருந்தார்கள். பெண்களைத் தேடும்போது கணவன் பேரை வைத்துத் தேடச் சொல்லுங்கள், பாதி வேலை மிச்சம்.

1975இல் அந்தப் பதிவை எழுதியவருக்கும் கைநாட்டு வைத்தவருக்கும் இந்தப் பன்னிரண்டரை சென்ட் கணக்கு எதுவும் தெரியாது. அதுதான் அந்தக் காகிதத்தின் பலம். தாமதப் பதிவுச் சான்றிலோ பதிவு செய்த தேதி என்ற இடத்தில் போன மாசத்துத் தேதி நிற்கும். யார் எடுத்துப் பார்த்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தால் கேட்கவே வேண்டாம், சொத்துத் தகராறு வந்த பிறகு எழுதியது என்று தெரிந்துவிடும். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அருணாசல கவுண்டர் வழக்கு தமிழ்நாட்டு வழக்குதான். அதில் நிலத்துக்காரர் 1949இல் இறந்தாரா 1957இல் இறந்தாரா என்பதே கீழ்க் கோர்ட்டில் பெரிய சண்டை. 1956 சட்டத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதில் மகளின் உரிமை தொங்கியது. 1949 என்றுதான் முடிவானது, அப்படியிருந்தும் தகப்பனின் சொந்தச் சம்பாத்தியம் மகளுக்குத்தான் என்று கடைசியில் தீர்ப்பு வந்தது. ஒரு சாவுத் தேதி எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இரண்டாவது வழியைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை. அம்மா வழித் தாத்தா 1981இல் இறந்தார். அந்த வருஷப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது, எழுத்தர் மண் உதிரும் அட்டையை எடுத்துக் காட்டினார். அங்கே வேறு வழியே இல்லை. ஒரு வருஷம் தாண்டிய மரணத்தைப் பதிவதற்கு 1969 சட்டத்தின் 13(3) பிரிவு. முன்பு இதற்கு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது, இப்போது எங்கள் பக்கம் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே முடிகிறது. மனு, வாக்குமூலம், பதிவு இல்லை என்ற சான்று, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் விசாரணை, சாட்சிகள் என்று எனக்கு ஏழு மாசம் ஆனது. அங்கே யாரும் யாரோடும் தகராறு இல்லை, பட்டா ஒழுங்காக மாறியது. பங்காளிகள் எல்லோரும் ஒரே பேச்சில் இருந்து, காகிதம் மட்டும்தான் இல்லை என்றால் இந்தச் சான்று தாராளமாகப் போதும். ஆட்சேபணை வந்து நின்றால் எப்படிப் போகும் என்பதை நான் நேரில் பார்த்ததில்லை, அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. பதிவு இல்லை என்ற சான்று வேண்டும் என்றாலே முதலில் தேடியாக வேண்டும். ஆக, தேடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு புரோக்கர் என்னிடம் சொன்ன யோசனை எனக்கு இன்னும் ஆறவில்லை: வருஷத்தை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தால் ஒரே நாளில் ‘இல்லை’ என்று வாங்கிவிடலாம், அப்புறம் உத்தரவு அவர் பொறுப்பாம். செய்யவே செய்யாதீர்கள். அசல் பதிவு எங்கோ ஒரு அலமாரியில் இருக்கும்போது இன்னொரு தேதியில் புதுப்பதிவு போட்டால், என்றைக்காவது ஒரு பங்காளி அந்த அசலை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அன்றைக்கு நம் சான்று மட்டும் இல்லை, அதை வைத்து எழுதிய பத்திரம், வாங்கியவர் பணம் எல்லாமே ஆடும்.

பதிவேடு எந்த ஆபீஸில் இருக்கிறது என்றே சொல்ல மறுத்தால், எந்தெந்த வருஷப் புத்தகம் உங்களிடம் உள்ளது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எனக்குத் தாலுகா ஆபீஸில் வாயைத் திறக்க வைத்தது அதுதான். சொத்துக்காக இல்லாமல் வம்சாவளிக்காகத் தேடும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் அடக்கப் பதிவேடு என்று இன்னொரு வாசல் இருக்கிறது. தூத்துக்குடி நண்பர் ஒருவர் அதிலேயே நாலு தலைமுறை பிடித்திருக்கிறார். எங்களுக்குத் திதியும் அப்பத்தாவும்தான்.

பாகப் பத்திரம் பங்குனியில் எழுதினோம். தாத்தாவின் தங்கச்சி குடும்பத்துக்கு ரோட்டோரமாகப் பன்னிரண்டரை சென்ட் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, சித்தப்பாவே நின்று கல் நட்டார். இப்போது பூட்டனைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இது சொத்துக்காக இல்லை. விய வருஷம் மாசி என்று பூட்டி சொல்லக் கேட்டதாக அப்பத்தா சொல்கிறார். 1947 பிப்ரவரியிலிருந்து பார்க்கச் சொல்லி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை போக வேண்டும்.