முதன்முறையாக ஷாட்கன் பிடிப்பவர்களுக்கான வகுப்பு: ஒரு மதிப்பீடு

எந்திரம் வானில் வீசும் சிறு தட்டுகளை, ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கியால் சுடக் கற்றுத்தரும் தொடக்கநிலை வகுப்புகள் இங்கிலாந்தில் பரவலாக நடக்கின்றன. காவல்துறை ஒப்புதல் அளித்த இடத்தில் செயற்கை இலக்குகளைச் சுடுவதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் விலக்களித்திருப்பதால், துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்களும் இவற்றில் சேரலாம். தென் இங்கிலாந்தில் நான் கலந்துகொண்ட அத்தகைய ஒரு வகுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதல் தோட்டாவைப் போடுவதற்கு முன் பயிற்றுநர் செலவிட்ட நேரம்தான் இந்த வகுப்பின் பெரும் பலம். இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிய பிறகே அது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போனது. அடுத்து கண் சோதனை நடந்தது. கைகளை முன்னால் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு துவாரம் அமைத்து, அதன் வழியாகத் தொலைவிலுள்ள கம்பத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது கம்பம் மறைகிறதோ அதுவே ஓங்கிய கண், அதாவது குறிபார்ப்பதில் முந்திக்கொள்ளும் கண். வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக்கண் ஓங்கியிருந்தால், இரு கண்களையும் திறந்து சுடும்போது குறி இடப்பக்கம் விலகிப் போகும். குழுவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் இருந்தது. அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறு ஒட்டுத்தாளை ஒட்டியதும் தட்டுகள் உடையத் தொடங்கின.

எடையை முன்காலுக்குக் கொடுத்து நிற்பது, துப்பாக்கியின் பின்பகுதியான கட்டையை நோக்கித் தலையைக் குனிக்காமல் கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவந்து தோளில் பதிப்பது, கையால் தள்ளாமல் இடுப்பிலிருந்து திரும்புவது ஆகியவற்றை வெற்றுத் துப்பாக்கியிலேயே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். குழல் நுனியில் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு மணியைப் பார்க்காமல் தட்டை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதற்குச் சொன்ன விளக்கமும் தெளிவாக இருந்தது. ஈய ரவைகள் வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், காற்றில் வேகமிழந்து 30 மீட்டரைக் கடக்கச் சுமார் பத்தில் ஒரு வினாடி எடுத்துக்கொள்கின்றன. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் தட்டு அதற்குள் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே தட்டின் பின்னாலிருந்து குழலை ஓட்டி வந்து, அதை முந்தும்போது விசையை அழுத்தி, சுட்ட பிறகும் ஓட்டத்தைத் தொடர வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் வெடித்த கணத்திலேயே குழலை நிறுத்திவிடுவதால் ரவைகள் தட்டுக்குப் பின்னால் போய்விடுகின்றன. ஒவ்வொரு முறை தவறியபோதும் பயிற்றுநர் அதன் காரணத்தைப் பொறுமையாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. உயரத்தைக் கருதாமல் எல்லோருக்கும் ஒரே அளவுத் துப்பாக்கியைத் தந்தார்கள். குட்டையானவர்களுக்குக் கட்டை நீளமாக இருந்ததால் அது தோளில் பதியாமல் மேற்கையில் இடித்து, தோல் கன்றிப்போனது. தொடக்கத்தில் கிட்டத்திலேயே பறக்கும் தட்டுகளை உடைக்க 21 கிராம் ரவை கொண்ட 12 போர் தோட்டா தாராளமாகப் போதும் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு; எண் கூடினால் குழல் குறுகும்). இங்கே கொடுத்ததோ அதைவிடப் பலமாக உதைக்கும் 28 கிராம். பின்னுதைப்புக்கு அஞ்சி 20 போர் கேட்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: அந்தத் துப்பாக்கி எடை குறைந்தது என்பதால், கனமான தோட்டாவைப் போட்டால் அதுவும் பலமாகவே உதைக்கும்.

பயிற்றுநருக்காகவே இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் முன்பதிவு செய்யும்போதே உங்கள் உயரத்தைச் சொல்லி, குட்டைக் கட்டையுள்ள துப்பாக்கியும் 21 கிராம் தோட்டாவும் கிடைக்குமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.