கூலிங் பத்தாத பழைய கெஜரேட்டர்: சரி செய்வதா, செஸ்ட் ஃப்ரீசருக்கு மாறுவதா?

கெக் என்ற பியர் பீப்பாயை உள்ளே வைத்து, மேலே உள்ள டேப்பில் பியர் பிடித்துக்கொள்ளும் ஃப்ரிட்ஜுக்குப் பெயர் கெஜரேட்டர். அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களிடம் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்றுதான்: "ஓடுது, ஆனா கூலிங் பத்தல." 46 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காது. டேப்பைத் திறந்தால் கிளாஸில் முக்கால்வாசி நுரை. டல்லாஸ் பக்கம் என் வீட்டுக் கராஜில் இருந்த கெஜரேட்டரும் இப்படித்தான் படுத்தியது. அதைச் சரி செய்வதா, மேலே மூடி திறக்கும் செஸ்ட் ஃப்ரீசர் ஒன்றை வாங்கி, டேப் பொருத்தி கீஸர் (கெக் வைக்கும் ஃப்ரீசர்) ஆக்கிக்கொள்வதா என்று பார்த்து, ஃப்ரீசர் பக்கம் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லாருக்கும் அது சரிவராது.

எட்டு டிகிரி வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா என்றால், ஆமாம். 38 டிகிரியில் சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தை 12 பிஎஸ்ஐ வைத்தால் சாதாரண ஏல், லாகர் வகை பியருக்கு வேண்டிய கார்பனேஷன், அதாவது பியரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு, நிற்கும். அதே பியரை 46 டிகிரியில் வைத்துவிட்டு அதே கார்பனேஷன் வேண்டுமென்றால் 16 பிஎஸ்ஐ வரை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வாயு பியரைவிட்டு டேப்புக்குப் போகும் குழாயிலேயே பிரிந்து நுரையாக வரும். ஏற்றினால் வேகமாகப் பாய்ந்து அப்போதும் நுரைக்கும். குழாயை நீளமாக மாற்றித்தான் அடக்க முடியும். வாயு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகித் திருகிப் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான கோளாறு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

முதலில் பழைய கெஜரேட்டரைச் சரி செய்யும் வழி. சூட்டை வெளியே விடும் கண்டன்சர் காயிலில் அடைந்த தூசியைத் தட்டுவது, பின்னால் காற்றுப் போக இடம் விடுவது, கதவோர ரப்பரான கேஸ்கெட் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று ஒரு டாலர் நோட்டைச் செருகி இழுத்துப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெர்மாமீட்டரைக் காற்றில் தொங்கவிடாமல், உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். அறைச் சூட்டில் இருந்த கெக்கை உள்ளே வைத்துவிட்டு மறுநாள் காலையிலேயே கூலிங் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவ்வளவு பியர் குளிர ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து அடுத்தது சரியாக வந்தால் குற்றம் டவரில், அதாவது டேப்பைத் தாங்கி நிற்கும் தூணில். அடியிலுள்ள குளிர்காற்றை டவருக்குள் தள்ள ஒரு சின்ன ஃபேன் போதும்.

இதையெல்லாம் செய்தும் இறங்கவில்லையா? தெர்மோஸ்டாட்டை முழுக் குளிரில் வைத்துவிட்டுக் கம்ப்ரசர் சத்தத்தைக் கவனியுங்கள். 46 டிகிரியிலேயே நின்று நின்று ஓடினால் தெர்மோஸ்டாட் சீக்கிரமே கட் செய்கிறது என்று பொருள். அது சின்னச் செலவு, கெஜரேட்டரை வைத்துக்கொள்ளலாம். நொடிக்கணக்கில் முனகிவிட்டு டிக்கென்று அணைந்தால், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலேயையும் கெபாசிட்டரையும் பார்க்க வேண்டும். அதுவும் மலிவுதான். நிற்கவே நிற்காமல் ஓடியும் குளிரவில்லை என்றால்தான் வயிற்றைக் கலக்கும். கதவைத் திறந்து, கூலிங் தகட்டில் பனி எங்கெங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் குளிரூட்டும் கேஸ் நுழையும் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பனி; மீதித் தகடு ஈரமாக, தொட்டால் லேசான குளிர்ச்சியோடு கிடந்தது. தகடு முழுக்கச் சீராகப் பனி படியாமல் ஒரு மூலையில் மட்டும் படிந்தால், பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கிறது.

ஊரில் என்றால் மெக்கானிக் சிலிண்டரோடு வீட்டுக்கே வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போவார். அந்தக் கணக்கு அமெரிக்காவில் செல்லாது. ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸ் உள்ள லைனைத் திறந்து வேலை செய்ய, சுத்தக் காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவின்படி சான்றிதழ் பெற்ற டெக்னீஷியன் வேண்டும். அந்தக் கேஸைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். புதிய மாடல்களில் வரும் ஆர்-600ஏ சில பத்து கிராம்தான் இருக்கும், ஆனால் தீப்பிடிக்கக் கூடியது. கேஸ் ஏற்றினால் மட்டும் போதாது. கசிவைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை உலோகப் பற்று வைத்து அடைத்து, ஈரத்தை வடிகட்டும் ஃபில்டர் டிரையரை மாற்றி, வாக்யூம் போட்டு, எடை பார்த்து ஏற்ற வேண்டும். இந்தச் சின்னப் பெட்டிகளில் கேஸ் ஏற்ற வால்வுகூட வைத்திருக்க மாட்டார்கள். மணிக்கணக்கில் கூலி கொடுத்து இதைச் செய்தால், செகண்ட் ஹேண்டில் வாங்கிய விலையைப் பழுதுச் செலவு தாண்டிவிடும். கசிவு என்று தெரிந்த பிறகு அதில் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள்.

புதுக் கெஜரேட்டர் வாங்கலாமே என்பவர்களுக்கு: வாங்கலாம், வாரண்டி இருக்கும், ஹாலில் வைக்க அழகாகவும் இருக்கும். பல நூறு டாலர் கொடுத்தும் உள்ளே இருக்கப்போவது அதே அளவு சின்னக் கம்ப்ரசர்தான்.

நான் ஃப்ரீசர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணமே இந்தக் கம்ப்ரசர்தான். கெஜரேட்டரின் முழுத் திறமையே முப்பதுகளின் நடுவில் இறங்கி நிற்பதோடு முடிகிறது. அதிலும் குளுகுளு அறைக்குள் இருக்கும்போது சொன்ன கணக்கு அது. பல ஃப்ரிட்ஜ்களின் பின்பக்க ஸ்டிக்கரில் க்ளைமேட் கிளாஸ் போட்டிருக்கும். ஆங்கில எழுத்து ‘என்’ என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், ‘டி’ என்றால் 43 வரை. டெக்சஸ் ஜூலையில் கராஜ் 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், அதாவது 38 செல்சியஸ். கொஞ்சம் தூசி, கொஞ்சம் கேஸ்கெட் தளர்ச்சி, பழைய கம்ப்ரசர் என்று எது சேர்ந்தாலும் கெஜரேட்டர் தோற்றுவிடுகிறது, ஏனென்றால் அதனிடம் கைவசம் மிச்சமே கிடையாது. செஸ்ட் ஃப்ரீசர் பூஜ்யம் ஃபாரன்ஹீட்டில், மைனஸ் 18 செல்சியஸில் இறைச்சியை உறைய வைக்கக் கட்டியது. அதை 38-இல் நிறுத்தச் சொல்வது, லாரியில் காய்கறிப் பை ஏற்றுவது மாதிரி. கராஜ் கொதிக்கும் நாளிலும் ஓடும், நிற்கும், ஓய்வெடுக்கும். சுவர் இன்சுலேஷன் தடிமன். மூடி மேலே இருப்பதால் திறந்தாலும் குளிர்காற்று கொட்டிப் போகாது. நாளைக்கு அதன் கம்ப்ரசர் கொஞ்சம் தளர்ந்தாலும் பியருக்குத் தெரியாது.

அதை 38-இல் நிறுத்த வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வேண்டும். இங்க்பேர்டு ஐடிசி-308 மாதிரி ஒன்று. ப்ளக்கில் சொருகி, ஃப்ரீசரை அதில் சொருகினால் வேலை முடிந்தது. 2 டிகிரி வித்தியாசம் வைத்து, கம்ப்ரசர் டிலேயை (நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓடும் முன் காத்திருக்கும் நேரத்தை) 10 நிமிடம் வையுங்கள்; அடிக்கடி ஆன் ஆஃப் ஆகாது. சென்சாரைக் காற்றில் விடாமல் கெக்கின் உடம்பில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப் சுற்றுங்கள். மூடியைத் திறக்கும்போது சென்சார் இழுபட்டு வெளியே விழாமல் ஒயரைக் கட்டி வையுங்கள். விழுந்தால் கன்ட்ரோலர் கராஜ் சூட்டை அளந்துகொண்டு ஃப்ரீசரை நிற்காமல் ஓட்டும், பியர் 28 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பித்துவிடும்.

டேப் பொருத்த ஃப்ரீசர் சுவரில் ஓட்டை போடவே போடாதீர்கள். கேஸ் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகின்றன. மூடியைக் கழற்றி, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் வைத்து, ஓட்டையை அந்த மரத்தில் போட வேண்டும்.

குறைகளும் உண்டு. உள்ளே ஈரம் சேரும். அடியில் தண்ணீர் தேங்கும், விட்டால் துருப்பிடிக்கும், பூஞ்சை வாடை வரும். ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும் எப்போதும் சுழலும் சின்ன ஃபேன் ஒன்றும் வைத்தாலும், மாதத்துக்கு ஒருமுறை துடைத்துத்தான் ஆக வேண்டும். கெஜரேட்டரில் இந்த வேலை குறைவு. விற்கப் போனாலும் கெஜரேட்டருக்குத்தான் ஆள் வருவார்கள். மரச்சட்டம் வைத்த பெட்டியை நம்மைப் போன்ற பித்துப் பிடித்தவர்கள்தான் வாங்குவார்கள்.

பெரிய குறை எடை. வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் பயன்படுத்தும் சின்னக் கெக்கான கார்னி கெக் நிறைந்தால் 23, 24 கிலோ. அதை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். முதுகு வலி உள்ளவர்கள் யோசியுங்கள். கடையில் ஹாஃப் பேரல் கெக் வாங்குபவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். அது நிறைந்தால் 73 கிலோ, கதவு திறந்து தள்ளி வைக்கிற கெஜரேட்டர்தான் அவர்களுக்குச் சரி. நான் வீட்டில் காய்ச்சி கார்னி கெக்கில் மட்டும் ஊற்றுகிறவன், ஆகவே பெரிய கெக் விஷயத்தில் என் அனுபவத்தை நம்ப வேண்டாம்.

எந்தப் பக்கம் போவதானாலும் கன்ட்ரோலரை முதலில் வாங்குங்கள். பழையதில் தெர்மோஸ்டாட் போயிருந்தால், அதை பைபாஸ் செய்துவிட்டு (இடையில் அது கட் செய்யாதபடி இணைத்துவிட்டு) கெஜரேட்டரை கன்ட்ரோலரில் சொருகிப் பிழைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஃப்ரீசருக்கு எப்படியும் வேண்டும். மாறுகிறவர்கள் பழையதிலிருந்து ரெகுலேட்டர், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், டேப் எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளலாம். டவரில் டேப்பையும் குழாயையும் இணைத்த ஷாங்க் என்ற துண்டு மட்டும் மரச்சட்டத்தின் தடிமனுக்கு எட்டாது. நீளமானது தனியாக வாங்க வேண்டும். வெறும் பெட்டியைத் தெருவில் வைக்காமல், கேஸை முறைப்படி எடுக்கும் மறுசுழற்சி இடத்தில் கொடுங்கள். கசிந்தது போக மிச்சக் கேஸ் இன்னும் அதற்குள் இருக்கும்.