நாட்டு மீன் என்று என் தலையில் கட்டியவை

காரைக்குடிப் பக்கம் யாராவது வீட்டுத் தொட்டியில் நாட்டு மீன் வளர்க்கலாம் என்று கிளம்பியிருந்தால், காசைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. ஒரு கடை மட்டும் இப்படி விற்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சுமார் 55 லிட்டர் பிடிக்கும் தொட்டி. கோல்டு ஃபிஷ்ஷும் ஃபைட்டரும் அலுத்துப்போய், சின்ன வயதில் ஊருணியில் துண்டை விரித்துப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்போமே, அந்த மாதிரி மீன் வேண்டும் என்று ஆசை. கடையில் போய் "அண்ணே, நம்ம கண்மாய் மீன் மாதிரி சின்னதா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். கேட்டதுதான் தப்பு. "வா தம்பி, உனக்குன்னே வந்திருக்கு" என்றார்.

90 ரூபாய் வீதம் 10 கண்ணாடி மீன். 80 ரூபாய் வீதம் 6 'செவ்வரி'. 40 ரூபாய் வீதம் 8 'தரை மீன்'. நாட்டு மீனுக்கென்றே ஸ்பெஷலாம், குருணைத் தீனி ஒரு டப்பா 150. மொத்தம் 1,850 ரூபாய்.

கண்ணாடி மீன் என்ற பெயர் பொய்யில்லை. பரம்பாசிஸ் ரங்கா என்று ஒரு மீன் நம் நாட்டுக் குளம் குட்டைகளில் உண்டு. உடம்பு அப்படியே கண்ணாடி. முள்ளை எண்ணலாம், குடல் இருக்கும் வெள்ளிப் பை தெரியும். ஆனால் எனக்குக் கிடைத்தவற்றின் முதுகு ஓரத்திலும் வயிற்று ஓரத்திலும் பளீரென்று கோடு ஓடியது. ஒன்றுக்கு ரோஸ், இன்னொன்றுக்குப் பச்சை, மூன்றாவதற்கு மஞ்சள். ஒரே இன மீனுக்கு எப்படி அண்ணே ஆளுக்கொரு கலர் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. வாரங்கள் போகப்போக நிறம் வெளுத்தது. கோடு இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி கிளம்பியது. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது: ஊசியால் உடம்பில் பல இடங்களில் குத்திச் சாயம் ஏற்றுகிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு! ஊசி பட்ட மீனுக்கு அந்தக் கட்டி நோய் வருவதும் தெரிந்த விஷயம்தானாம். போதாக்குறைக்கு, இந்த மீன் குருணையைச் சட்டென்று தொடாது. அசைகிற இரைதான் வேண்டும். நான் டப்பாத் தீனியைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசியில் கொசுப்புழு போட்டதும் பாய்ந்து வந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. பத்தில் மூன்று மிஞ்சின.

செவ்வரிக் கதைக்கு வருகிறேன். ஓர் அங்குலம்கூட இருக்காது. ஆரஞ்சுச் சிவப்பு, பக்கவாட்டில் ஒரு கோடு, ஆறும் ஒன்றாகவே திரிந்தன. பார்க்க அவ்வளவு அழகு. பள்ளத்தூரிலிருந்து வந்த அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன்டா, இது விரால் குஞ்சுல்ல? கொழம்புக்கு வளக்குறியா?"

நான் சிரித்தேன். அப்பத்தா சிரிக்கவில்லை. கண்மாயில் தாயும் தகப்பனும் காவல் நிற்க, இந்தச் செங்குஞ்சுகள் கும்பலாகத் தண்ணீர்மேல் வந்து வந்து போவதைச் சின்னப் பிள்ளையிலேயே பார்த்தவர். சில வாரங்களில் சிவப்பு கரைந்து கரும்பச்சையாகித் தலை பாம்புத் தலையானது. தரை மீன் எட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்புறம் செவ்வரியே செவ்வரியைத் தின்று, ஆறு இரண்டானது. விரால் ரெண்டடிக்கு மேலும் வளரும் மீன். என் தொட்டியே ரெண்டடிதான்.

தரை மீன் என்றது வேறொன்றுமில்லை, அயிரை. மார்க்கெட்டில் சட்டித் தண்ணீரில் உயிரோடு துள்ளும் அதே அயிரைதான். 100 கிராம் வாங்கினாலே 50, 60 தேறும். அதை ஒன்று 40 ரூபாய்க்கு வாங்கி விராலுக்குத் தீனி போட்ட ஆள் நான்.

திரும்பப் போய்க் கேட்டால் "தண்ணி சரியில்ல தம்பி, உங்க போர் உப்பு" என்றார். நான் ஊற்றியதில் பாதி, மழைக்கு வளவில் அண்டா வைத்துப் பிடித்த தண்ணீர். சொன்னேன். "அப்ப அதுதான் ஆகல" என்றார். எப்படிப் போட்டாலும் பூவா தலையா அவருக்குத்தான். புதுத் தொட்டியை ஒரு மாதமாவது ஓடவிட்டு, அதில் நல்ல பாக்டீரியா ஊறிய பிறகுதான் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும் என்பதை விற்கும்போது சொல்லவே இல்லை. முதல் நாளே 24 மீனையும் பையில் கட்டிக் கொடுத்தவர் அவர்.

அடுத்த தடவைக்கு மிஸ் கேரளா வருகிறது என்றும் ஆசை காட்டினார். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடை மீன், அரையடி வளரும், அழியும் நிலையில் இருப்பவற்றின் பட்டியலில் உள்ளது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ரெண்டடித் தொட்டியில் அதற்கு என்ன வேலை?

நாட்டு மீன் என்று யார் சொன்னாலும் பெயரைக் கேளுங்கள். 'கலர் மீன்', 'செவ்வரி' எல்லாம் பெயர் இல்லை. அறிவியல் பெயரை வாங்கிப் போனிலேயே தேடிப் பாருங்கள். முழுசாக வளர்ந்தால் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். நம் சின்ன மீன்கள் முதல் பார்வைக்குக் கொஞ்சம் மங்கல்தான். உடம்பில் இரண்டு கரும்புள்ளி உள்ள டிக்டோ கெண்டை, தலைமேல் வெள்ளிப் பொட்டோடு தண்ணீர் மட்டத்திலேயே நிற்கும் அப்லோகைலஸ், மெல்லிய மணல் போட்டால் கண் மட்டும் தெரியப் புதைந்துகொள்ளும் அயிரை, சாயம் ஏறாத கண்ணாடி மீன். கடைக் குழல்விளக்கில் எதுவும் ஜொலிக்காது. ஜொலித்தால் சந்தேகப்படுங்கள்.

விரால் இரண்டையும் ஊருணியில் விட மனசில்லை. எந்தப் பண்ணைக் குஞ்சோ, என்ன நோயோ. சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் நண்பன் வாங்கிக்கொண்டான். நேற்று அந்தக் கடைக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புதுச் சரக்கு போட்டிருந்தார்: 'செவ்வரி, ஜோடி 150 மட்டும்.'