வைஃபை பாஸ்வேர்டு: விண்டோஸிலேயே விடுவதா, கீபாஸில் எழுதி வைப்பதா?

வீடு, ஆபீஸ், மாமனார் வீடு, ஊரில் அண்ணன் வீடு என்று நாலு இடத்து வைஃபை என் லேப்டாப்பில் இருக்கிறது. கீபாஸ் என்பது பாஸ்வேர்டுகளைப் பூட்டிய ஒரே கோப்பில் சேமித்து வைக்கும் மென்பொருள். இதே நிலையில் இருப்பவர்களுக்கு:

செலவு: இரண்டும் இலவசம்.

வசதி: விண்டோஸ்தான். ஒருமுறை டிக் அடித்தால் அடுத்த முறை தானே இணையும். கீபாஸில் திறந்து, காப்பி எடுத்து, ஒட்ட வேண்டும்.

நீடிப்பு: இங்கேதான் விஷயமே. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் பேக்கப் இல்லாமல் லேப்டாப்பை ஃபார்மட் செய்தால் விண்டோஸ் சேமித்தது அத்தனையும் போச்சு. போன தீபாவளிக்கு எனக்கு அதுதான் நடந்தது. அண்ணன் வீட்டு ரூட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டிய சீட்டை டார்ச் அடித்துப் படித்தால், அது எப்போதோ மாற்றிவிட்ட பழைய பாஸ்வேர்டு! கீபாஸ் கோப்பின் நகல் பென் டிரைவில் இருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியே கிடையாது.

பாதுகாப்பு: பூட்டாமல் விட்ட லேப்டாப்பில், சேமித்த வைஃபை பாஸ்வேர்டை செட்டிங்ஸிலேயே பார்த்துவிடலாம். கீபாஸை மூடிவிட்டால், மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது.

ஒரு லேப்டாப், இரண்டு இடம் என்றால் விண்டோஸ் போதும். அதற்கு மேல் போனால் கீபாஸிலும் எழுதி வையுங்கள். விண்டோஸில் சேமித்ததை அதற்காக அழிக்க வேண்டாம்.