பழைய டிரம்முக்குப் புதிய பிரேக் ஷூ

1960களில் வந்த என் இருசக்கர வண்டியின் முன் சக்கரத்துக்கு இந்த பிரேக் ஷூ செட்டை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்பக்கத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் வளைந்த துண்டுகள்தான் ஷூ. வார்ப்பு சுத்தம். ஸ்பிரிங் மாட்டும் காடியும் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். நான் மாட்டினேன், லிவரை முழுக்க அழுத்தியும் வண்டி நிற்க மறுத்தது.

கழற்றி, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் முழுக்க சாக்பீஸ் பூசி, டிரம்மில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் சாக்பீஸ் அழிந்திருந்தது. தேய்ந்து அகன்ற டிரம்மின் வளைவும் புது ஷூவின் வளைவும் ஒன்றல்ல. மாஸ்க் போட்டுக்கொண்டு, மேடான இடத்தை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மறுபடி சாக்பீஸ், மறுபடி தேய்ப்பு. ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அப்புறம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே ஆக்ஸில் நட்டை இறுக்கினேன். அப்போதுதான் ஷூ டிரம்முக்கு நடுவில் அமரும். இப்போது பிடிப்பு அருமை, லைனிங்குக்கு முழு மதிப்பெண் தருவேன்.

கழற்றும் பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சக்கரத்தை மாட்டும்போது ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தடுப்பில் உட்கார்ந்ததா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உட்காராவிட்டால் பிளேட்டே சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும்.