2³¹ − 1, 2³² + 1: ஒன்று பகா எண், மற்றது பகு எண்

இரண்டும் பத்து இலக்க எண்கள். முதலாவது 2,14,74,83,647, இரண்டாவது 4,29,49,67,297. பார்வைக்கு எது பகா எண் என்று சொல்லவே முடியாது. இரண்டுக்கும் விடை கண்டவர் கணித மேதை ஆய்லர்.

2³¹ − 1 பகா எண் என்று 1772இல் அவர் அறிவித்தார். அதற்குக் காரணி இருந்தால், அது 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 தரவேண்டும். அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை, தேடினால் போதும். எதுவும் வகுக்கவில்லை. 2³¹ − 1ஐ 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண் (தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும்.

எனக்கு அதிகம் பிடித்தது 2³² + 1தான். 2-இன் அடுக்கில் 2ⁿ வைத்து 1 கூட்டினால் எப்போதும் பகா எண்ணே வரும் என்று ஆய்லருக்கு முந்தைய கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். n = 0 முதல் 4 வரை அது சரி. n = 5இல், அதாவது 2³² + 1இல், உடைந்தது: அது 641 × 67,00,417. ஆய்லர் இதைக் கண்டது 1732இல்.

641 ஏன் வகுக்கிறது என்பதுதான் அழகு. 641 = 5⁴ + 2⁴; அதுவே 5 × 2⁷ + 1. முதல் வடிவத்தை 2²⁸ஆல் பெருக்கினால், 5⁴ × 2²⁸ + 2³² என்பதை 641 வகுக்கும். x + 1 எப்போதும் x⁴ − 1ஐ வகுக்கும்; x = 5 × 2⁷ என்று வைத்தால், இரண்டாவது வடிவத்திலிருந்து, 5⁴ × 2²⁸ − 1 என்பதையும் 641 வகுக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள்: மிஞ்சுவது 2³² + 1. நீண்ட வகுத்தலே தேவையில்லை! முதல் எண்ணுக்கு இப்படி ஒரு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆய்லர் பொறுமையாக வகுத்துத்தான் பார்த்தார்.